கொப்பன்ஹேகன் பெட்டகத்தில் எங்கட ஊர் இலைகள்



வருஷம் பிறக்கும் நேரத்தில் மருத்துநீர் வைத்து முழுக வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கும். ஊரில் கோயிலில் ஐயர் காய்ச்சிக் கொடுப்பார். நாங்கள் போத்தலில் வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டு முழுகுவோம். அதற்குள் என்ன என்ன கிடந்தது என்று யோசித்ததே இல்லை. இங்கே டென்மார்க்கில் மஞ்சளும் மிளகும் சுக்கும் கடையில் கிடைக்கின்றன. மற்றவை பெரும்பாலும் வெறும் பெயர்களாகத்தான் இருக்கின்றன. "அப்பா, வில்வம் எண்டால் என்ன?" என்று இங்கு பிறந்த பிள்ளை கேட்டால், இதுதான் வில்வம் என்று இலையைத் தொட்டுக் காட்ட எங்களில் எத்தனை பேரால் முடியும்?

பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறோர் இடத்திலும் பிரிந்து கிடந்தால் கொஞ்சக் காலத்தில் இரண்டுமே இல்லாமற் போய்விடும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைப்பதற்கென்றே ஒரு பழைய கலை இருக்கிறது. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டுக்காரர் அந்தக் கலையில் கெட்டிக்காரர். அதைவிட ஆச்சரியம், அவர்கள் பத்திரப்படுத்தியவற்றில் எங்கள் மண்ணின் செடிகளும் இருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இம்முறை மலருக்கு எழுத விரும்பினேன். நான் உயர்தரம் வரைக்கும் படித்துவிட்டு இப்போது பக்டரியில் வேலை செய்பவன். ஆராய்ச்சியாளன் அல்லன். வாசித்து அறிந்ததை எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.

காய்ந்த இலைகளின் பெட்டகம்

கொப்பன்ஹேகனில் தாவரவியற் பூங்காவுக்குப் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பெரிய கண்ணாடி வீட்டுக்குள் வாழையும் பனை வகைகளும் நிற்பதைப் பார்த்து எங்கட சனம் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. பொதுமக்கள் காணாத இன்னொரு செல்வம் அந்த நிறுவனத்தாரிடம் இருக்கிறது. அதுதான் உலர்தாவரகம், அதாவது காய வைத்த செடிகளின் களஞ்சியம். பூங்காவும், தாவரவியல், நிலவியல், விலங்கியல் நூதனசாலைகளும் 2004ஆம் ஆண்டு ஒன்றாக்கப்பட்டு இன்று டென்மார்க்கின் இயற்கை வரலாற்று நூதனசாலை என்று இயங்குகின்றன. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அந்த நூதனசாலையின் உலர்தாவரகத்தில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் உண்டு.

செய்முறை எளிது. செடியின் ஒரு கொப்பைப் பூவோடும் காயோடும் முறித்து, தாள்களுக்கு இடையில் விரித்து, மேலே பாரம் வைத்து அமத்திக் காய விடுவார்கள். காய்ந்ததும் தடித்த கடதாசியில் ஒட்டுவார்கள். மூலையில் ஒரு சிட்டை ஒட்டப்படும். என்ன செடி, எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் எடுத்தது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். பூச்சி அரிக்காமலும் ஈரம் படாமலும் பார்த்துக்கொண்டால் இருநூறு முந்நூறு வருஷம் அப்படியே கிடக்கும்.

இதில் இலை பாதி, சிட்டை பாதி. எங்கட வேலையிடத்திலும் இதே சட்டம்தான். பெட்டிக்குள் எவ்வளவு நல்ல சாமான் இருந்தாலும், வெளியே திகதியும் இலக்கமும் உள்ள லேபல் இல்லாவிட்டால் அது கழிவுக்குத்தான் போகும். சிட்டை இல்லாத காய்ந்த இலையும் குப்பைதான். சிட்டையோடு இருந்தால் அது ஒரு சாட்சி.

இலங்கைச் செடிகள் கொப்பன்ஹேகன் வந்த கதை

இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலம். 1672ஆம் ஆண்டு பவுல் ஹேர்மன் என்ற வைத்தியர் ஒல்லாந்தக் கம்பனியின் வேலைக்காக இலங்கைக்கு வந்தார். சில வருஷங்கள் தங்கியிருந்து, கண்ட செடிகளை எல்லாம் காய வைத்தும் படம் வரைந்தும் ஐந்து தொகுதிகளாகச் சேர்த்தார். உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டு எழுதி வைத்தார். அவர் 1695இல் இறந்த பிறகு அந்தத் தொகுதிகள் எங்கே போயின என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியாமல் இருந்தது.

1744 அளவில் அவை கொப்பன்ஹேகனில் வெளிப்பட்டன! டென்மார்க் அரச மருந்துக்கடைக்காரர் ஆகுஸ்ட் குந்தர் என்பவரிடம் அவை இருந்தன. அவர் அவற்றைச் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசுக்கு இரவலாக அனுப்பினார். லின்னேயஸ் அவற்றைப் படித்து 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலை எழுதினார். அறுநூறுக்கு மேற்பட்ட செடிகள் அதில் உள்ளன. லின்னேயஸ் தன் வாழ்நாளில் இலங்கையை ஒருமுறையேனும் கண்டதில்லை. கொப்பன்ஹேகனில் இருந்து வந்த காய்ந்த இலைகளும் சிட்டைகளும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

பிறகு அந்தத் தொகுதிகள் டென்மார்க்கின் மொல்ட்கே பிரபுவிடம் போய், அங்கிருந்து ஒரு பேராசிரியரின் கைக்கு வந்து, 1793இல் லண்டனில் இருந்த சேர் ஜோசப் பாங்ஸ் என்பவருக்கு 75 பவுணுக்கு விற்கப்பட்டன. இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. எங்கட தீவின் இலைகள் எங்களுக்கு முன்னமே ஐரோப்பாவில் நாடு நாடாக அலைந்திருக்கின்றன பாருங்கோ.

தரங்கம்பாடிக்குப் போன வைத்தியர்

டெனிஷ்காரருக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு 1980களில் நாங்கள் பெட்டியோடு வந்து இறங்கியபோது தொடங்கியது என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது 400 வருஷத்துக்கு மேற்பட்டது. ஓவே கெட்டே என்ற டெனிஷ் தளபதி 1620இல் கப்பல்களோடு திருகோணமலைக்கு வந்தார். கண்டி அரசனோடு ஒப்பந்தம் சரிவரவில்லை. அதே வருஷம் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை 225 வருஷம் தரங்கம்பாடியில் டெனிஷ் கொடி பறந்தது.

1706இல் டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்க் பாதிரியார் அங்கு போய்த் தமிழ் படித்ததும், தமிழ் அச்சுக்கூடம் வைத்ததும் பலருக்குத் தெரியும். அவர் தான் தேடிச் சேர்த்த தமிழ் ஓலைச் சுவடிகளுக்கு 1708இலேயே ஒரு அட்டவணை தயாரித்தார். நூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரும் பொருளும் அதில் உண்டு. சேர்ப்பதும் அட்டவணை போடுவதும் அந்தக் கூட்டத்தாரின் பழக்கமாக இருந்தது என்று இதில் தெரிகிறது.

1768இல் அதே தரங்கம்பாடிக்கு யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற வைத்தியர் போய் இறங்கினார். இவர் பிறந்தது இன்றைய லத்வியா நாட்டுப் பகுதியில், 1728இல். டென்மார்க்கில் தொழில் பழகி, சுவீடனில் லின்னேயசிடம் படித்தவர். டென்மார்க் அரசின் செலவில் இந்த இராச்சியத்தில் முளைக்கும் எல்லாச் செடிகளையும் படமாக வெளியிடும் பெரிய திட்டம் ஒன்று அப்போது தொடங்கியிருந்தது. 'புளோரா டானிக்கா' என்பது அதன் பெயர். அதற்காக 1764-65இல் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடி சேர்த்தவரும் இவர்தான். ஐஸ்லாந்துக் குளிரில் பாசி பொறுக்கிய கை, மூன்று வருஷத்தில் தஞ்சாவூர் வெயிலில் இலை பறிக்கத் தொடங்கியது!

தரங்கம்பாடி மிஷனின் வைத்தியராகப் போனவர் செடி தேடுவதிலேயே மூழ்கிவிட்டார். சம்பளம் போதாமல் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு 1778இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்தார். சீயம், மலாக்கா, இலங்கை என்று அலைந்தார். சேர்த்தவற்றைக் கொப்பன்ஹேகனுக்கும் லின்னேயசுக்கும் சுவீடனின் லுண்ட் நகருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1785இல் ஆந்திரக் கரையில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் நோயுற்று இறந்தார். தன் எழுத்துகளை எல்லாம் லண்டன் பாங்சுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் கண்மூடினார்.

அவர் அனுப்பிய இலைகளில் ஒன்றை எங்கட வீட்டுச் சட்டிகளில் நாங்கள் தினமும் தாளிக்கிறோம். அதுதான் கறிவேப்பிலை! லின்னேயஸ் 1771இல் அதற்கு 'பெர்கெரா கோனிகீ' என்று பெயர் வைத்தார். 'கோனிகீ' என்றால் கோனிக்கினுடையது என்று பொருள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இருசொற் பெயரீடு நினைவிருக்கும். முதற் சொல் சாதி, இரண்டாவது சொல் இனம். (இது தாவரவியல் சாதி, ஊர்ச் சாதி அல்ல!) 1825இல் வேறொரு அறிஞர் அதன் சாதியை மாற்றி 'முறையா கோனிகீ' என்றார். அண்மைக் காலத்தில் திரும்பவும் பழைய 'பெர்கெரா'வுக்கே கொண்டு போயிருக்கினம். முதற் பெயர் இரண்டு முறை மாறியும் கோனிக்கின் பெயர் மட்டும் போகவில்லை. தமிழ்க் கடையில் சின்னப் பையில் வாங்கிப் பிரீசரில் பொத்திப் பொத்தி வைக்கிறோமே, அந்த இலைக்குள் டென்மார்க்கில் இருந்து புறப்பட்ட ஒரு வைத்தியரின் பெயர் ஒளிந்திருக்கிறது.

அவருக்குப் பின்னும் தரங்கம்பாடியில் இந்த வேலை நடந்தது. கொப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று 1776இல் அங்கு போன ரொட்லர் பாதிரியார் அறுபது வருஷம் தமிழ் நாட்டிலேயே வாழ்ந்தார். 1795-96 காலத்தில் இலங்கைக்கும் வந்து செடி சேர்த்தார். அவரே ஒரு பெரிய தமிழ் - ஆங்கில அகராதியையும் தொகுத்தார். 1834இல் அது அச்சாகத் தொடங்கியது. 1836இல் அவர் இறந்த பிறகு மற்றவர்கள் முடித்து வைத்தார்கள். பகலில் செடியைச் சேர்த்தவரே இரவில் சொல்லையும் சேர்த்திருக்கிறார் என்று எண்ணத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே வேலைதானே!

புற்றும் ஈசலும் காளானும்

கோனிக் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கறையான் பற்றிய கட்டுரை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளை வெட்டிப் பார்த்து எழுதியது. 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் ஏட்டில் வெளியானது.

அதில் ஊர்ச்சனம் ஈசல் பிடிக்கும் முறையை எழுதியிருக்கிறார். ஈசல் கிளம்பும் காலத்துக்கு முன்னம் புற்றில் இரண்டு துவாரம் போடுவார்களாம். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றது காற்றுப் போகும் பக்கம். காற்றுப் போகும் துவாரத்தில் வாசனைப் பூண்டு தேய்த்த பானையைப் பொருத்துவார்கள். மறுபக்கத்தில் நாற்றமுள்ள பொருட்களை எரித்துப் புகை போடுவார்கள். ஈசல் எல்லாம் ஓடிவந்து பானைக்குள் விழும். அதை மாவோடு கலந்து பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்களாம். ஊரில் மழை விட்ட பின்னேரங்களில் விளக்கு வைத்து ஈசல் பிடித்துப் பொரித்துத் தின்ற ஆட்கள் இந்த மண்டபத்துக்கு வருபவர்களிலும் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கோ, சிரித்துச் சிரித்துச் சொல்லுவினம்.

புற்றுக்குள் வளரும் காளானைக் கண்டு எழுதிய மிகப் பழைய விஞ்ஞானக் குறிப்புகளில் ஒன்றும் இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. மாரி மழைக்குப் பிறகு புற்றடியில் குடைகுடையாக முளைக்கும் காளானை நாங்கள் பிடுங்கிக் கறி வைத்திருக்கிறோம். அது ஏன் புற்றில் மட்டும் முளைக்கிறது?

கறையானுக்கு மரத்தை நன்றாகச் செமிக்க முடியாது. அதனால் அது தோட்டம் செய்கிறது! உக்கிய மரத்தையும் காய்ந்த இலையையும் தின்று, எச்சமாக இட்டு, புற்றுக்குள்ளே தேன்வதை மாதிரி ஒரு பாத்தி கட்டுகிறது. அந்தப் பாத்தியில் ஒரு வகைப் பங்கசு வளர்ந்து மரத்தை மென்மையாக்கிக் கொடுக்கிறது. அதில் வரும் வெள்ளைக் குருணிகளையும் பழைய பாத்தியையும் கறையான் தின்னும். மழை பெய்து மண் ஊறியதும் அதே பங்கசு நீண்ட வேர் போன்ற தண்டோடு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கும். இந்தச் சாதிக்கு 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹைம் 'டேர்மிட்டோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். ஆபிரிக்காவில் இதன் ஒரு இனம் ஒரு மீற்றர் அகலத்துக்குக் குடை விரிக்கும். கறையானின் துணை இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்த்தெடுப்பது மிகக் கடினம். கடையில் விற்கும் வெள்ளை மொட்டுக் காளானுக்கு இதன் ருசி வராததற்கு இதுதான் நியாயம் போலும்!

இன்னொரு புதினமும் உண்டு. கோனிக்கின் கட்டுரை வந்து 223 வருஷம் கழித்து, 2002இல், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு நாட்டவரோடு சேர்ந்து, கறையான்களும் இந்தக் காளான்களும் எப்படிச் சேர்ந்து பரிணமித்தன என்று மரபணுக்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கறையான் இந்தத் தோட்டத் தொழிலை ஒரே ஒரு முறைதான் கண்டுபிடித்தது என்று காட்டினார்கள். அது ஆபிரிக்காவில் தொடங்கியது என்பது பின்னர் தெளிவானது. எங்கட புற்றடிக் காளானைப் பற்றிக் கேள்வி கேட்பதை கொப்பன்ஹேகன் இன்னும் விடவில்லை.

இலையைப் போல அல்ல காளான்

இலையை அமத்தி வைக்கலாம். காளானை அமத்தினால் கூழாகும். வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தால் புழு நெளியும். காய்ந்தாலோ நிறமும் மணமும் உருவமும் போய்விடும். அதனாற்றான் பழைய உலர்தாவரகங்களில் செடிகளோடு ஒப்பிடும்போது காளான்கள் குறைவு. அந்தக் குறையை டெனிஷ்காரர் முதலில் ஓவியத்தால் நிரப்பினார்கள். முன்னே சொன்ன 'புளோரா டானிக்கா' 1761இல் தொடங்கி 1883இல்தான் முடிந்தது. 122 வருஷ வேலை! மொத்தம் 3240 படங்கள். செடிகளோடு காளான்களும் அவற்றில் உண்டு. கொப்பன்ஹேகன் அரச பீங்கான் தொழிற்சாலை அதே படங்களைப் பார்த்துக் கோப்பைகளில் வரைந்த விருந்துச் செட் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தொழிற்சாலையை நடத்திய தியோடர் ஹொல்ம்ஷொல்ட் என்பவரும் காளான் பித்தர்தான். டென்மார்க்கின் காளான்கள் பற்றி அவர் எழுதிய அழகான நூல் 1790லும், இறந்த பின் 1799லுமாக இரண்டு பாகங்களில் வந்தது. பீங்கானில் பூ வரைந்த பையர் என்ற ஓவியர் அவருக்குக் காளானும் வரைந்து கொடுத்தார்.

பிரபுக்களும் பேராசிரியர்களும்தான் இதைச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பியூன் தீவில் யாக்கோப் லாங்கே என்று ஒரு ஆசிரியர் இருந்தார். விவசாயப் பள்ளிக்கூடத்திலும், பிறகு ஒடென்சவில் சிறு காணிக்காரருக்கான பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர். வேலை முடிந்த நேரங்களிலும் விடுமுறையிலும் காட்டுக்குப் போய்க் காளான் சேர்த்து, கண்டதை அன்றே தன் கையாலே வரைந்து, குறிப்பு எழுதி வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு 1935இலிருந்து 1940 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. 200 வர்ணப் பக்கங்கள், சுமார் 1200 வகைக் காளான்கள். அடுத்த வருஷம், 1941இல், அவர் காலமானார். இன்றும் உலகெங்கும் காளான் ஆராய்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நாள் முழுக்க வேலை செய்யும் மனிதருக்கும் இப்படி ஒன்றைச் சாதிக்க முடிந்திருக்கிறது என்பதை எங்களைப் போன்ற தொழிலாளர் கவனிக்க வேண்டும்.

இன்று காளானை எப்படிக் காப்பகத்துக்குத் தயார் செய்கிறார்கள்? கிளறி அடிக்கிழங்கோடு கவனமாக எடுப்பார்கள். எந்த மரத்துக்குக் கீழ், எந்த மண்ணில் என்று அங்கேயே எழுதுவார்கள். படம் எடுப்பார்கள். நிறம், மணம், வெட்டினால் நிறம் மாறுகிறதா என்பது எல்லாம் வாடுவதற்கு முன் குறிக்கப்பட வேண்டும். குடையை வெட்டிக் கடதாசியில் கவிழ்த்து ஒரு இரவு மூடி வைத்தால், வித்திகள் தூளாக விழுந்து ஒரு கோலம் போடும். வெள்ளை, இளஞ்சிவப்பு, கபிலம், கறுப்பு என்று அந்தத் தூளின் நிறம் வகைக்கு வகை வேறுபடும். பிறகு நாற்பது பாகை அளவு வெப்பத்தில் மெதுவாகக் காய வைத்துக் கடதாசி உறையில் போட்டு, இலக்கமும் சிட்டையும் இடுவார்கள். பார்க்க முருங்கைப் பட்டை மாதிரி இருக்கும். ஆனால் நுணுக்குக்காட்டிக்கு அது போதும். நல்ல நிலையில் இருந்தால் பல வருஷம் கழிந்தும் மரபணுவைப் பிரித்து எடுக்கலாம்.

இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டுமே! 1905இல் தொடங்கிய டெனிஷ் காளான் சங்கம் இன்றும் ஆவணி, புரட்டாதியில் காட்டு உலாக்கள் வைக்கிறது. 2009 முதல் 2013 வரை நாடு முழுவதும் காளான் வரைபடம் ஒன்றைத் தயாரித்தபோது, தபாற்காரர், தாதி, ஓய்வூதியர் என்று யார் வேண்டுமானாலும் தாங்கள் கண்டதை அனுப்பலாம் என்று வழி திறந்தார்கள். இலட்சக்கணக்கான பதிவுகள் சேர்ந்தன. இன்னும் சேர்கின்றன. எங்களோடு வேலை செய்யும் டெனிஷ்காரர் இலையுதிர் காலம் வந்தால் கூடையோடு 'கந்தரெல்', 'கார்ல் யோஹான்' தேடிக் காட்டுக்குப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

காளான் என்றதும் ஊர் ஞாபகத்தில் பிடுங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. ஊர் அறிவு ஊர்க் காட்டுக்குத்தான் பொருந்தும். எங்கட வைக்கோற் போரில் முளைக்கும் காளானுக்கு அடியில் ஒரு பை இருக்கும். டென்மார்க் காடுகளில் 'குறொன் புளூஸ்வாம்ப்' என்று ஒன்று முளைக்கிறது. பச்சை ஈக்காளான் என்று பொருள். அதற்கும் அடியில் அதே மாதிரிப் பை. சின்னனாக இருக்கும்போது இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் இது ஆளைக் கொல்லும். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. தின்று ஆறு, பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. பிறகு சத்தியும் வயிற்றோட்டமும் வரும். அது கொஞ்சம் தணிந்து சுகம் வந்தது போல இருக்கும்போது உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஆசிய நாடுகளில் இருந்து குடியேறியவர்கள் பல நாடுகளில் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். 2012 தொடக்கத்தில் ஒஸ்ரேலியாவின் கன்பராவில் புதுவருஷ விருந்தில் இதை உண்ட இருவர் இறந்தார்கள்.

அறிந்தவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லாமல் எதையும் சட்டியில் போடாதீர்கள். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டும் காளான் தெரிய வேண்டாம். சந்தேகம் வந்தால் வருத்தம் வரும்வரை காத்திராமல் கிப்ட்லினியனுக்கு, 82 12 12 12 என்ற இலக்கத்துக்கு, உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்லுவார்கள். சட்டியில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்த மிச்சத்தை வைத்து எந்த வகை என்று கண்டுபிடிக்க, சேர்த்து வைத்த மாதிரிகளும் குறிப்புகளும்தான் உதவுகின்றன. பெயர் எழுதி வைப்பது பொழுதுபோக்கு அல்ல, உயிர் காக்கும் காரியமும் ஆகும்.

பெயர் சொன்னவர் எங்கே?

இவ்வளவும் வாசித்தபோது என் மனதில் ஒரு கேள்வி நின்றது. கோனிக் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒரு செடியும் தெரியாது. இது கறிவேப்பிலை, இது கறிக்குப் போடுவது என்று அவருக்கு யார் காட்டினார்கள்? புற்றில் எந்தப் பக்கம் துவாரம் போட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? யாரோ ஒரு வைத்தியர், யாரோ ஒரு கிழவி, யாரோ ஒரு கூலிக்காரன். சிட்டையில் சேர்த்தவர் பெயர் இருக்கிறது. சொன்னவர் பெயர் இல்லை. நான் கோனிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எழுதியிராவிட்டால் ஈசல் பானையும் எங்களுக்குக் கிடைத்திராது. ஆனால் எழுதி வைக்காத சனத்தின் பெயர் எப்படி அழிந்து போகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எழுத்தின் பலத்தை டென்மார்க்கில் வாழும் தமிழருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987இல் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைத் தடுத்து வைத்தார். விசாரணையில் கடிதங்களும் குறிப்புகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1993 தையில் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். திகதியோடு எழுதிய ஒரு துண்டுக் கடதாசி என்ன செய்யும் என்று எங்கட மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கினம்.

இப்போது எங்கட பக்கத்தைப் பார்ப்போம். மருதங்கேணி, நாவற்குழி, புளியங்குளம், இலுப்பைக்கடவை என்று எங்கட ஊர்ப் பெயர்களிலேயே மரங்கள் நிற்கின்றன. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும் பிள்ளைக்கு மருது எது, இலுப்பை எது என்று தெரியாது. எந்தக் குளக்கட்டில் எந்தக் காளான் எந்த மாதம் முளைக்கும், எதைத் தின்னலாம், எது மயக்கும் என்று தெரிந்த கடைசி ஆட்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் எங்கட நடுவில் இருக்கினம். சிலர் முதியோர் இல்லங்களில் இருக்கினம். சிலர் போன வருஷம் இருந்தவர்கள், இந்த வருஷம் இல்லை. ஒவ்வொரு சாவீட்டிலும் நாங்கள் ஒரு பெட்டகத்தையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம்.

ஆகவே எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. ஒரு தடித்த கொப்பி போதும். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அம்மம்மாவை, தாத்தாவைப் பிடிக்கட்டும். செடியோ மரமோ காளானோ, அதன் பெயர், எந்த ஊரில் கண்டது, எந்த மாதம், என்னத்துக்குப் பாவித்தது, எழுதிய திகதி என்று நிரல் போட்டு எழுதட்டும். பஞ்சாங்கத்து மருத்துநீர்ப் பட்டியலில் இருந்தே தொடங்கலாம். பெற்றோர் பக்கத்தில் இருந்து டெனிஷிலும் எழுத உதவி செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. கோனிக்கின் சிட்டையில் இல்லாத ஒரு நிரல் எங்கட கொப்பியில் முதலாவதாக வர வேண்டும். சொன்னவர் பெயர், அவருடைய சொந்த ஊர்.

250 வருஷத்துக்கு முன்னம் காய்ந்த ஒரு இலை இன்னும் கொப்பன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது என்றால், எங்கட மூத்தவர்களின் சொல் ஒரு ஐம்பது வருஷமாவது இருக்க நாங்கள் வழி செய்யக்கூடாதா? அடுத்த சித்திரை மலரில் அந்தக் கொப்பியின் முதற் பக்கங்கள் அச்சாகி வரவேண்டும் என்பது என் ஆசை.